வீடு திரும்புவோர்க்கான பானம்

மது என்னும் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்களுள் நானும் ஒருவன். திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் பல்லாண்டுக் காலம் வகுப்பறையில் கற்பித்தவன். ஆயினும், அப்பாடத்தை நூலில் கற்கும் முன்னரே வீட்டில் கற்றுவிட்டேன். என் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளன்று மாலையில் அவர் கள்ளுக்கடைக்குச் சென்றால், இரவில் அம்மா மண்ணெண்ணெய் விளக்கை ஏந்தி அவரைத் தேடிப் புறப்படுவார். காற்றில் சுடர் அணையாதவாறு கையால் மறைத்தபடி உடன் நடப்பவன் நான். எத்தனையோ இரவுகள் அவரை மண்பாதையோரக் கால்வாயிலிருந்து தூக்கி வந்திருக்கிறோம்.

இத்தகைய நான் 2011ஆம் ஆண்டுக் கோடையில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு பீர்த் தோட்டத்தில் அமர நேர்ந்தது. அங்கே பயின்றுகொண்டிருந்த என் மகளின் வீட்டுக்காரர் எங்களை அழைத்திருந்தார். அவரும் பணி ஓய்வுபெற்ற ஆசிரியரே. பெரியவரின் அன்பைத் தட்ட இயலாமல் சென்றேனேயன்றி, மனம் ஒப்பிச் சென்றேனில்லை.

கஷ்கொட்டை மரங்களின் நிழலில் நீண்ட பலகை மேசைகள். முதியோரும் இளைஞரும், குழந்தைகளுடன் வந்த குடும்பத்தாரும் ஒன்றாக அமர்ந்திருந்தனர். உணவை வீட்டிலிருந்தே கொண்டுவந்து உண்பது அங்கே தொன்றுதொட்ட வழக்கமாம். என் மகள் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தபோது எவரும் வியப்புற்று நோக்கவில்லை.

பெரியவர் தம் மிதிவண்டியை மரத்தடியில் சாய்த்துவிட்டு வந்தார். எனக்கு ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த பானம் ஒன்றை வருவித்தார். தமக்கு வருவித்ததோ, பாதி பீரும் பாதி எலுமிச்சைச் சோடாவும் கலந்த ஒரு குவளை. அதன் பெயர் ‘ராட்லர்’ என்றார். மிதிவண்டி ஓட்டுபவர் என்பதே அச்சொல்லின் பொருள்.

“பீரில் இனிப்புச் சோடாவைக் கலப்பதா? அதுவும் உங்கள் நாட்டிலா?” என்று வினவினேன். பீரின் தூய்மைக்கெனச் சட்டமே இயற்றிய நாடு அன்றோ அது! 1516ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இங்கோல்ஷ்டாட் நகரில், வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றையன்றி வேறெதையும் கொண்டு பீர் வடிக்கலாகாது எனப் பவேரிய ஆட்சியாளர் ஆணையிட்டனர்.

பெரியவர் நகைத்துவிட்டு ஒரு கதை கூறினார். மியூனிக்குக்குத் தெற்கே தைசன்ஹோபன் என்னும் ஊரில் பிரான்ஸ் சேவர் குக்லர் என்பவர் விடுதி நடத்தி வந்தார். 1922ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள், 13,000 மிதிவண்டிக்காரர்கள் அங்கே திரண்டனராம். பீர் தீர்ந்துவிடும் நிலை. நிலவறையிலோ எவரும் விரும்பாத எலுமிச்சைச் சோடாப் புட்டிகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. குக்லர் இரண்டையும் சரிபாதியாகக் கலந்து, “நீங்கள் தள்ளாடாமல் வீடு திரும்பவே இதனைச் செய்தேன்” என்று கூறி வழங்கினாராம்.

“அழகிய கதை. ஆனால் முழுவதும் உண்மையன்று” என்று அவரே தொடர்ந்தார். லேனா கிறிஸ்ட் என்னும் பவேரிய எழுத்தாளர் 1912இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலிலேயே அப்பானத்தின் பெயர் வந்துவிட்டதாம். சுவைக்காக ஒரு கதையைக் கூறியபின், மெய்ம்மைக்காக அதனைத் திருத்தும் அந்தப் பண்பில் ஓர் ஆசிரியரைக் கண்டேன்.

இக்கலவை ஊருக்கு ஊர் வேறு பெயர் பூணுகிறது. வடக்கே ஹாம்பர்க் நகரில், அங்குள்ள ஆற்றின் பெயரால் அதனை ‘ஆல்ஸ்டர் நீர்’ என்பர். கோதுமைப் பீரில் எலுமிச்சைச் சோடா சேர்ந்தால் ‘ரஸ்’. பீரில் கோலா சேர்ந்தால் ‘டீசல்’. பெர்லினில் புளிப்புப் பீரில் சிவப்பு அல்லது பச்சை நிறப் பாகினை ஊற்றிப் பருகுவர். விடுதிகளிலும் வீடுகளிலும் அவ்வப்போது கலந்து பருகப்பட்ட இவற்றை, ஆலைகளே கலந்து புட்டியிலடைத்து விற்க 1993இல்தான் சட்டம் இடங்கொடுத்தது.

“முழுப் பீர் பருகுவோர் உங்களை எள்ளுவதில்லையா?” என்றேன். தோட்டத்துக் கள்ளுக்கடையில் ஒரு குவளை குறைத்துப் பருகியவனைப் பேடி என்று பழித்ததை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன்.

“எள்ளுவோரும் உண்டு. ஆனால் நான் எட்டுக் கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்ட வேண்டும். அவர்கள் வந்து ஓட்டப் போவதில்லையே!”

என் தந்தையாரைப் பற்றி அப்போது அவரிடம் கூறினேன். இத்தகைய வழக்கம் எங்கள் தோட்டத்தில் இருந்திருப்பின், அம்மா விளக்கேந்தி அலைந்திருக்க மாட்டாரோ என்றும் கேட்டேன். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “என் தம்பியும் குடியால் மாண்டவன். அவன் அமர்ந்த மேசையிலும் ராட்லர் கிடைத்தது. அவன் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை” என்றார்.

அந்த விடை என் எளிய கணக்கைக் கலைத்தது. கலப்பதால் மது நல்லதாகிவிடாது. இனிப்பு சேர்ந்த பீரும் பீரே. குடியில் வீழ்ந்தவனை ஒரு குவளைச் சோடா மீட்டுவிடாது. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் நான் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை. ஆயினும், அந்தக் கதை பொய்யேயாயினும், அதில் என்னைத் தொட்ட செய்தி ஒன்றுண்டு. குடிக்க வந்தவன் வீடு திரும்ப வேண்டியவன் என்று எண்ணிய ஒரு கடைக்காரனை ஒரு சமூகம் கற்பனை செய்து, போற்றி வருகிறது. எங்கள் கள்ளுக்கடைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட அந்த இருண்ட பாதையை நினைத்துப் பார்த்தவர் அம்மா ஒருவரே.

பொழுது சாய்ந்ததும் பெரியவர் எழுந்தார். மிதிவண்டியின் விளக்கை ஏற்றிக்கொண்டு, நேராக ஓட்டிச் சென்றார். அவ்விளக்கொளி வளைவில் மறையும் வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.