முல்லைத்தீவு வீதியில் ஒரு சத்தம்

மாங்குளம் சந்தியில் ஏ 9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வீதி தொடங்குகிறது. ஏ 34 என்பது அதன் இலக்கம். நீளம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போகிறது. முதலில் காடு, பிறகு வயலும் குளமும், அதன் பின் பனையும் மணலும். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வைகாசி மாதத்தில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு இந்த வீதி நிறையச் சனம் போகும்.

இதே வீதியால் 2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் சனம் உழவு இயந்திரங்களிலும் சைக்கிள்களிலும் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கிப் போனது. 2004 டிசெம்பர் 26இல் கடற்கோள் அழித்த முல்லைத்தீவுக் கடற்கரைக்கு, நான்கு வருடங்களில் போர் வந்தது. இன்று அந்தக் கரையில் மீண்டும் வாடிகள் இருக்கின்றன. கருவாடு காயப்போடும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்கள்.

அவர்களிடம் கருவாடு வாங்கத்தான் நாங்கள் போனோம். கனகராயன்குளம் பக்கத்தில் சிறு கடை நடத்தும் மூன்று பெண்கள் என்னோடு வந்தார்கள். இடையில் நிற்கும் வியாபாரியைத் தவிர்த்து நேரே வாங்கினால் கிலோவுக்கு என்ன மிஞ்சும் என்று பார்ப்பதே எங்கள் நோக்கம். ஒருவர் அறுபதை நெருங்கிய அம்மா. அடுத்தவர் கணவர் காணாமல் போனபின் லான்ட்மாஸ்டர் ஓட்டி வயல் செய்த அக்கா. மூன்றாமவர் ஐந்து மாதக் குழந்தையோடு வந்த இளம் தாய். வாகனம் எங்கள் அலுவலகத்தின் பழைய டபிள் கப் பிக்கப். ஓட்டியவர் எங்கள் சாரதி அண்ணை. நான் அவருக்குப் பக்கத்தில் முன் ஆசனத்தில் இருந்தேன்.

சாரதி அண்ணையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் பக்கத்தில் விழுந்த ஷெல் அவருடைய இடது காதின் கேள்வியைக் கொண்டுபோய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அவரோடு பேசுபவர்கள் வலப்பக்கம் வந்து நின்று பேசுவார்கள்.

பிற்பகல் மூன்றரை மணிக்குக் கருவாட்டு மூட்டைகளைப் பின்னால் ஏற்றிக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். முள்ளியவளையைத் தாண்டியதும் அண்ணை வேகத்தைக் குறைத்தார்.

“தங்கச்சி, ஒரு சத்தம் கேக்குதே?”

“ஓம் அண்ணை, ஊம் எண்டு இரையுது.”

“எனக்கும் கேக்குது. ஆனா எந்தப் பக்கம் எண்டு பிடிபடேல்லை.”

இதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சத்தம் வரும் திசையை அறிய எங்களுக்கு இரண்டு காதும் வேண்டும். ஒரு பக்கத்தால் வரும் சத்தம் அந்தப் பக்கத்துக் காதுக்குச் சற்று முந்தியும் சற்றுக் கூடவும் கேட்கும். அந்தச் சிறு வித்தியாசத்தைக் கொண்டுதான் மூளை திசையைக் கணிக்கிறது. ஒரு காது மட்டும் இருந்தால் சத்தம் கேட்கும், திசை தெரிவது கடினம்.

வேகம் கூடக்கூட அந்த இரைச்சலும் கூடியது. பின்னால் இருந்த இளம் தாய் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டார். அவருடைய முகம் மாறிவிட்டது. “மிஸ், என்னை இறக்கி விடுங்கோ. இது கிபிர் வாற மாதிரிக் கிடக்கு” என்றார். அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. தூரத்தில் தொடங்கி மெல்லக் கூடிவரும் ஓர் இரைச்சல் எங்கள் ஊர்களில் வெறும் இரைச்சல் அல்ல.

அப்போது லான்ட்மாஸ்டர் ஓட்டிய அக்கா சொன்னார்: “பயப்பிடாதை பிள்ளை. ஷெல் எங்கை இருந்து வருது, எங்கை விழும் எண்டு பங்கருக்குள்ளை இருந்து கேட்டுச் சொன்னனாங்கள்தானே. இது எங்கை எண்டு கேட்டுச் சொல்லமாட்டமே?”

அதன் பிறகு அந்த வாகனத்துக்குள் இருந்த எல்லோரும் வேலை செய்யத் தொடங்கினோம்.

முதலில் பின்னால் இருந்த சுமையைச் சந்தேகித்தோம். கட்டு இளகினால் தகரமும் கயிறும் அடிபடும். வாகனத்தை நிறுத்தி, அக்கா இறங்கிக் கயிற்றை இறுக்கினார். மறுபடி ஓடியபோதும் சத்தம் இருந்தது. எனவே சுமை அல்ல.

அடுத்தது, சத்தம் எஞ்சினைச் சேர்ந்ததா, சில்லைச் சேர்ந்ததா என்ற கேள்வி. முன்னும் பின்னும் வாகனம் இல்லாத நேரான இடத்தில் அண்ணை கிளச்சை மிதித்து, சில விநாடிகளுக்குக் கியரை நியூட்ரலில் விட்டார். எஞ்சினின் சத்தம் உடனே தணிந்தது. ஆனால் அந்த ‘ஊம்’ தணியவில்லை. வாகனம் ஓடும் வேகத்தோடு மட்டும் அது இணைந்திருந்தது. ஆகவே எஞ்சின் அல்ல, உருளும் ஏதோ ஒன்று. இதைப் பார்க்கும்போது ஒருபோதும் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தக்கூடாது. எஞ்சின் நின்றால் பிறேக்கும் ஸ்டியரிங்கும் கடினமாகிவிடும். திறப்பை முழுதாகத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

மூன்றாவதாக அண்ணை பிறேக்கை மெதுவாக மிதித்தார். பிறேக்கில் குறை இருந்தால் மிதிக்கும்போது சத்தம் மாறும். மாறவில்லை. சற்றுத் தூரத்தில் காப்பெற் முடிந்து திருத்த வேலை நடந்த கரடு இடம் வந்தது. ரயரின் சத்தமாக இருந்தால் தரை மாறும்போது அதன் தொனியும் மாற வேண்டும். கல்லின் சத்தம் புதிதாகச் சேர்ந்தது, ‘ஊம்’ அப்படியே இருந்தது.

இனி எந்தச் சில்லு என்பதுதான் மிச்சம். இங்கேதான் அண்ணைக்கு எங்கள் காது தேவைப்பட்டது. “வளைவிலை நல்லாக் கவனியுங்கோ” என்றார். வலப்பக்க வளைவில் திரும்பும்போது இரைச்சல் கூடியது. இடப்பக்க வளைவில் குறைந்தது. மூன்று வளைவுகளில் நாலு பேரும் ஒரே மாதிரிச் சொன்னோம். வலப்பக்கம் திரும்பும்போது எங்கள் உடம்பு இடப்பக்கம் சாயும். அதுபோல வாகனத்தின் பாரமும் இடப்பக்கச் சில்லுகளின் மேல் சாயும். பாரம் ஏறும்போது நோவைச் சொல்லும் சில்லுதான் பழுதான சில்லு. எனவே இடப்பக்கம்.

முன்னா பின்னா என்பதைக் காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. வாகனத்தின் இரும்பு உடல் முழுவதும் சத்தம் பரவிவிடும். வயதான அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் வைத்தார். “எனக்குக் காலிலை பெரிசா அதிரேல்லை. பிள்ளை, நீர் உம்மடை காலை வைச்சுப் பாரும்” என்றார். நான் வைத்தேன். என் பாதத்தின் கீழே அரிசி ஆலைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல ஓர் அதிர்வு இருந்தது. முன் இடப்பக்கச் சில்லு. அண்ணையின் கேட்காத காது இருந்த பக்கம்.

“அப்ப சில்லுதானே?” என்றார் இளம் தாய். “சில்லுதான்” என்றார் அண்ணை. அவர் குழந்தையின் காதிலிருந்து கையை எடுத்தார்.

ஒட்டுசுட்டான் வரை முப்பது கிலோமீற்றர் வேகத்தில் வந்து, சந்திக்கு அருகே நிறுத்தினோம். அண்ணை முன் சில்லுகள் இரண்டினதும் நடுப்பகுதிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனார், தொடவில்லை. வலது சில்லில் சாதாரண சூடு. இடது சில்லிலிருந்து அடுப்புக்குக் கிட்ட நிற்பதுபோல வெக்கை வந்தது. பிறேக் பிடிப்பதாலும் சில்லு சூடாகும் என்பதால், இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் விளக்கினார்.

தகரக் கொட்டிலில் கராஜ் வைத்திருந்த ஒரு தம்பி வந்து ஜக் வைத்துச் சில்லை உயர்த்தினார். சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது அது அசைந்தது. சுழற்றியபோது மணல் அரைபடுவதுபோலக் கேட்டது. “பெயாரிங் முடிஞ்சுது அண்ணை. இன்னும் நூறு மைலும் ஓடும், அடுத்த வளைவிலையும் இறுகும். சொல்லேலாது” என்றார்.

சில்லு சுழலும் இடத்தில் இரண்டு உருக்கு வளையங்களுக்கு நடுவே சிறு உருளைகள் கிறீசில் மிதந்தபடி உருளும். அதுதான் பெயாரிங். தண்ணீரோ சேறோ உள்ளே போனால் கிறீஸ் கெடும். உருளைகளில் குழிகள் விழும். குழி விழுந்த உருளை உருளும்போது வருவதே அந்த இரைச்சல். கவனிக்காமல் ஓடினால் சூடேறி இறுகி, சில்லு நின்றுபோகலாம், அல்லது கழன்றும் போகலாம்.

இப்போது முடிவெடுக்க வேண்டியிருந்தது. நேரம் ஐந்தை நெருங்கியது. ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் பொழுதுபட்டால் யானை வீதியில் ஏறும். இளம் தாயின் பதினொரு வயது மகள், படுத்த படுக்கையான பாட்டியோடு வீட்டில் தனியாக இருந்தாள். இருட்டுவதற்குள் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். “மெல்ல மெல்லப் போகலாம்தானே மிஸ்” என்று கேட்டார். அண்ணையும் வாகனத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மெதுவாக ஓடினால் காட்டின் நடுவே இருட்டும். வேகமாக ஓடினால் சில்லு தாங்காது. கைக்குழந்தையோடு இந்த இரண்டில் எதையும் தெரிவு செய்ய முடியாது. வாகனம் இங்கேயே நிற்கட்டும், நாங்கள் பஸ்ஸில் போவோம் என்று முடிவெடுத்தேன்.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னோம். பக்கத்து வீட்டு அக்காவைப் போய் இருக்கச் சொன்னோம். கராஜ் தம்பி மாங்குளத்துக் கடைக்கு அழைத்து, பெயாரிங்கை அடுத்த பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்துவிடச் சொன்னார். வவுனியா போகும் பஸ் வந்தது. நானும் மூன்று பெண்களும் குழந்தையும் ஏறினோம். ஏழரை மணிக்கு இளம் தாயை அவருடைய வாசலில் விட்டபோது மகள் குப்பி விளக்கோடு படலையில் நின்றாள்.

மறுநாள் காலையில் சாரதி அண்ணை கருவாட்டோடு வந்து சேர்ந்தார். பழைய பெயாரிங்கைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினார். உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்து, அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்திருந்தன. கிறீஸ் துருநிறத்தில் இருந்தது. “உப்புத் தண்ணி போயிருக்கு. மாரியிலை வட்டுவாகல் பாலத்தாலை தண்ணிக்குள்ளை ஓடினதுக்குப் பிறகு இதைக் கழட்டிப் பாக்க விடேல்லை” என்றார். வட்டுவாகல் என்றதும் வயதான அம்மா அந்த இரும்பை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். 2009 மே மாதத்தில் அவரும் அந்தப் பாலத்தால் நடந்து வந்தவர். ஒன்றும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுக் கருவாட்டை நிறுக்கப் போனார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, மக்களிடம் இருக்கும் அறிவை முதலில் கேட்டறிய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பயத்தில் பழகிய காதும் ஓர் அறிவு என்பதை நான் அந்த வீதியில் கண்டேன். காரணம் தெரியாத சத்தம் எங்களைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றாகச் சோதித்து, அதற்குப் பெயர் வைத்தபின் அது திருத்தக்கூடிய ஒரு சாமானாகிவிடுகிறது. எல்லாச் சத்தத்துக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு அந்த வாகனத்துக்குள் பொருந்தியது.

இன்று எமது சகோதரிகள் பலர் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் லான்ட்மாஸ்டரும் ஓட்டுகிறார்கள். ஓட்டாதவர்களும் வாடகை வாகனத்தில் பிள்ளைகளோடு போகிறார்கள். அவர்களுக்காகச் சில குறிப்புகள்:

பிறேக் பிடிக்கும்போது மட்டும் கீச்சென்று கேட்டால் பிறேக் கட்டை தேய்ந்திருக்கலாம். இரும்போடு இரும்பு உரசும் சத்தமானால் அன்றே காட்டுங்கள். காலையில் இயக்கியதும் கீச்சிட்டுப் பிறகு அடங்கினால் பெரும்பாலும் எஞ்சின் பெல்ட். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டக் டக் என்று கேட்டால் முன் அச்சின் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாக ஓடும்போது சில்லுப் பக்கம் தட்டுவதுபோலக் கேட்டு, வாகனம் ஆடவும் செய்தால் சில்லு நட்டுகள் இளகியிருக்கக்கூடும். அந்த இடத்திலேயே நிறுத்தி நட்டுகளைப் பாருங்கள். வெள்ளத்துக்குள், அதிலும் உப்புத் தண்ணீருக்குள் ஓடினால் சில்லின் கிறீசைப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். கிறீஸ் மாற்றும் செலவு பெயாரிங் மாற்றும் செலவை விடக் குறைவு.

காட்டு வீதியில் வாகனம் நின்றால் வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். சிவப்புப் பலகை இல்லாத இடத்திலும் தார் ஓரத்திலேயே நில்லுங்கள். சாரதியிடம் சத்தத்தைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். எந்த வேகத்தில், எந்த வளைவில், எந்தப் பக்கம் கேட்டது என்று சொல்லுங்கள். அவருக்குக் கேட்காத பக்கத்தில் நீங்கள் இருக்கலாம்.