ஒத்தை பெல்ட்டும் ஒரு அண்ணாச்சியும்!

விருதுநகர் என்றதும் பலருக்கு எண்ணெய் பரோட்டா ஞாபகம் வரும். சிலருக்குக் காமராஜர் பிறந்த வீடு. பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கோ, மெக்கானிக் ஷெட்!

ராஜபாளையம் பக்கம் மலையடிவாரத் தோப்புப் பாதையில் ராத்திரி ஓட்ட, என் ஜீப்பில் 100 வாட் ஹாலஜன் இரண்டு உண்டு. கூடவே ஒரு சின்ன ஃப்ரிஜ். வண்டி நகரும்வரை விளக்கு பளிச். நின்றால் அகல் விளக்கு!

பானட்டைத் திறந்த மெக்கானிக் அண்ணாச்சி விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "ஹாலஜனுக்கே 17 ஆம்பியர் போகுது சார். உங்க ஆல்டர்நேட்டர் 35. அதுவும் இன்ஜின் ஓடுறப்பதான். நிக்கிறப்ப அதுல பாதி வந்தாலே பெரிசு. வரவைப் பாத்துல்ல செலவு பண்ணணும்?"

"அப்ப 120 போட்டுருங்க அண்ணாச்சி!"

"ஒத்தை பெல்ட் அம்புட்டு இழுக்காது சார். வழுக்கிட்டுக் கத்தும். 65 போதும். ஐடிலிங்ல எம்புட்டு குடுக்கும்னு பாத்து வாங்கணும்."

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தார். புல்லி நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டுமாம். பழைய சார்ஜிங் வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, கனமான கேபிளும் ஃப்யூஸும் மாட்டினார். மொத்தக் கரண்டும் டேஷ்போர்டு அம்மீட்டர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதை விலக்கி, வோல்ட்மீட்டர் வைத்தார்.

"பழைய வயரே இருக்கட்டுமே?" என்றேன், பர்ஸைத் தடவியபடி.

"65 ஆம்பியர் போனா சூடாகி உருகும் சார். நாளைக்கு சிவகாசி போறேங்கிறீங்க. வெடி தீபாவளிக்கு மட்டும் போதும், பானட்டுக்குள்ள வேண்டாம்!"

சிரித்தேன். மறுநாள் சிரிப்பு வரவில்லை. மழை குறைந்த அந்தக் கரிசல் பூமியில், 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலின் வாரிசுதான் பட்டாசு. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆலை கேட்டுக்குத் தள்ளியே ஜீப்பை நிறுத்தச் சொன்னார்கள். மருந்து அறையில் இரும்புக் கருவி ஆகாது, நைலான் துணி ஆகாது. ஒரு பொறிக்கு அங்கே அத்தனை பயம். எனக்கு முன்னால் நின்ற பெண்கள் தினமும் அந்தப் பயத்தோடுதான் உள்ளே போகிறார்கள்.

காவலாளி ஜீப்பையே பார்த்தார். "வயரிங் எல்லாம் நல்லா இருக்கா சார்?"

"அண்ணாச்சி கைவேலை" என்றேன். வோல்ட்மீட்டர் முள் 14-ல் நின்றது.