சத்தம் போடாத கார்



வெள்ளிக்கிழமை அன்னதானச் சேவைக்கு நான் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வருவேன். பல வருஷம் என் பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ தான். 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ஸ்டார்ட் பண்ணினா தெருவே எழும்பும். பெடரல் நெடுஞ்சாலை ஜாமில் கிளட்ச் மிதிச்சு முட்டி வலிக்கும்.

இப்போ மகனோட மின்சாரக் கார், பிஒய்டி சீல். ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் போட்டா போதும். பெட்ரோல் ஸ்டேஷன் இல்லை, இன்ஜின் எண்ணெய் மாத்துற செலவும் இல்லை. லேசா மிதிச்சாலே பாயும். முட்டி வலியும் போச்சு.

ஆனா போன வெள்ளி, கோயில் வாசலில் காரை நகர்த்தும்போது என் கவனம் பின் சீட்டில் இருந்த சாம்பார் அண்டா மேலே. "அண்ணே, நிறுத்துங்க!" என்று ஒரு தொண்டர் பையன் கத்தினான். முன்னால் பூத்தட்டோடு ஒரு பாட்டி! "கார் வந்ததே கேக்கலையே தம்பி" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

தப்பு காரில் இல்லை, என்னிடம்தான். மெதுவாகப் போகும்போது மின்சாரக் கார் சன்னமா ஒரு ஒலி கொடுக்கும். மேளச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? ஃபேக்டரியில் பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவங்களுக்கு நான் தினமும் சொல்வேன்: முனையில் ஹார்ன் அடி, ஆள் உன்னைப் பார்த்த பிறகு நகரு. கோயிலில் நானே மறந்துட்டேன்.

மின்சாரக் கார் வச்சிருக்கும் பக்தர்களே, கோயில் வாசலில் கண்ணாடியை இறக்குங்க, நடை வேகத்தில் வாங்க. காது மந்தமான பெரியவங்களைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க.

பாட்டியை முருகன் காப்பாத்தினான். என்னையும்தான்.