பரோட்டா மாஸ்டருக்கு வந்த டென்னிஸ் எல்போ

நெல்லித்தோப்பு பக்கம் ஒரு கடையில பரோட்டா மாஸ்டர் அவர். வலது முழங்கையோட வெளிப்பக்கம் வலி. டீ கிளாஸைத் தூக்கினா சுரீர்னு இழுக்குதுன்னு ஓபிக்கு வந்தார். "டென்னிஸ் எல்போ"ன்னு சொன்னதும் சிரிச்சிட்டார். "சார், நான் கேரம் போர்டு கூட ஆடினதில்ல."

பேர்தான் அப்படி. 1873இல் ருங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதை முதலில் விவரிச்சது, பேனா பிடிச்சு எழுதுறவங்களுக்கு வர்ற வலியா. சச்சினுக்கு 2004இல் இடது முழங்கையில வந்து, 2005இல் லண்டன்ல ஆபரேஷன் வரைக்கும் போச்சு. நம்ம ஊர்ல எனக்குத் தெரிஞ்சு வர்றவங்க தச்சர், டைல்ஸ் போடுறவர், துணி முறுக்கிப் பிழியுற அக்காக்கள்.

மணிக்கட்டை மேல தூக்குற தசைகள் முழங்கையோட வெளி எலும்பு முனையில ஒட்டியிருக்கு. நீங்க எதையாவது இறுக்கிப் பிடிச்சா, மணிக்கட்டு மடங்காம தாங்குறது அதுங்கதான். தினம் மாவு பிசைஞ்சு, அடிச்சு, வீசினா அந்த ஒட்டுற இடம் நைஞ்சு போகும்.

இப்போ என் தப்பு. "நாளைக்கு வேலைக்குப் போகணும் சார், ஊசி போட்டுடுங்க"ன்னார். ஸ்டீராய்டு ஊசி போட்டேன். பத்து நாள்ல வலி போச்சு. எனக்கும் பெருமைதான். மூணு மாசத்துல திரும்ப வந்தார், முன்னைவிட மோசமா. மறுபடி ஒரு ஊசி. மறுபடி அதே கதை. இந்த முறை கல்லுல கரண்டி பிடிக்கவே முடியல, சம்பளம் போச்சு.

அப்புறம்தான் ஒழுங்கா உட்கார்ந்து படிச்சேன். 2006இல் பிஎம்ஜே இதழ்ல வந்த பிரிஸ்பேன் ஆய்வு, 198 பேர். ஆறு வாரத்துல தேறினவங்க: ஊசி 78%, பிசியோதெரபி 65%, சும்மா காத்திருந்தவங்க 27%. ஊசிதான் ஜெயிச்சதுன்னு தோணுதா? அப்படித் தேறினவங்கள்ல 72% பேருக்கு வலி திரும்பிடுச்சு. நான் ஆறு வாரத்தை மட்டும் பார்த்துட்டு இருந்திருக்கேன்.

மாஸ்டரை பிசியோதெரபி அறைக்கு அனுப்பினேன், நானும் கூடப் போய் நின்னேன். படுக்க வெச்சு, கையை நீட்டி, மேல்கை எலும்போட கீழ் முனையை ஒரு கையால அசையாமப் பிடிச்சுக்கிட்டாங்க. இன்னொரு கையால முன்கையை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமா மெதுவா நகர்த்தி, "இப்ப முட்டிய இறுக்குங்க"ன்னாங்க. மாஸ்டர் முழிச்சார். வலிக்கல! நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் பிரையன் மல்லிகன் கொண்டு வந்த முறை இது. விதி ஒண்ணுதான்: செய்யும்போது வலி குறையணும். குறையலன்னா கோணத்தை மாத்தணும், பல்லைக் கடிச்சுக்கிட்டு தொடரக் கூடாது.

விலகின எலும்பைச் சரி பண்ணிட்டாங்கன்னு நினைக்காதீங்க. எதுவும் விலகல. வலியை நரம்பு மண்டலம் உணர்ற விதம் கொஞ்ச நேரம் மாறுது, அந்த இடைவெளியில தசைக்கு வேலை கொடுக்கலாம்.

வேலைன்னா இதுதான். முன்கையை மேஜை மேல வெச்சு, மணிக்கட்டு மட்டும் வெளியே, உள்ளங்கை கீழே பார்க்கணும். அரை லிட்டர் தண்ணி பாட்டிலைப் பிடிங்க. மறு கையால தூக்கி விட்டு, வலிக்கிற கையால மெதுவா இறக்குங்க. 15 தடவை, மூணு சுற்று. லேசா வலிச்சா பரவாயில்ல. மறுநாளும் வலி ஏறியே இருந்தா எடையைக் குறைங்க.

இன்னொரு முறை இருக்கு, மில்ஸ் மேனிபுலேஷன். கையை நீட்டி மணிக்கட்டை மடக்கி வெச்சு, கடைசியில வெடுக்குனு ஒரு தள்ளு. யூட்யூப் பார்த்து மச்சானை விட்டுச் செய்யச் சொல்லாதீங்க. முழங்கை முழுசா நீளாத கையில அதைச் செய்தா மூட்டுக்கே அடி. எண்ணெய் போட்டு அழுத்தி உருவி விடுறதும் இது இல்ல.

ஒளிக்காம இன்னொண்ணும் சொல்லணும். அதே ஆய்வுல ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, பிசியோதெரபிக்கும் சும்மா காத்திருந்ததுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. பெரும்பாலானவங்களுக்கு தானாவே சரியாகுது. அப்போ எதுக்கு இது? ஒரு வருஷம் காத்திருக்க மாஸ்டரால முடியாதே.

விரல் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ, கீழே விழுந்த பிறகு வந்தாலோ, மூட்டு வீங்கி காய்ச்சல் இருந்தாலோ இந்தப் பயிற்சி எதுவும் வேண்டாம், முதல்ல டாக்டரைப் பாருங்க.

மாஸ்டர் எட்டு தடவை வந்தார். மாவு பிசையுறதை இப்போ பையன்கிட்ட விட்டுட்டார், வீசுறது மட்டும் அவர். போன வாரம் கடைக்குப் போனப்போ கல்லாப் பக்கத்துல ஒரு தண்ணி பாட்டில் தனியா இருந்துச்சு. எடுத்துக் குடிக்கப் போனேன். "அது குடிக்கறதுக்கு இல்ல சார்"ன்னார்.