மதுரை மண்டிக்கு 18 நிமிடம்

போன இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ‘நான்குவழிச் சாலையில் வேக வரம்பைக் குறைத்தால் டீசல் மிச்சமாகும் என்கிறார்களே, காய்கறி ஏற்றிப்போகும் எங்களைப் போன்றவர்களுக்கு அது கட்டுப்படியாகுமா?’ அதைப் படித்ததும் எழுந்துபோய் என் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். இதே விஷயத்துக்காக எங்கள் வீட்டில் அப்பனும் மகனும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறோம்.

துவரங்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர். கிணற்றுப் பாசனம். கத்திரி, தக்காளி, கொஞ்சம் வெண்டை. காயை ஏற்ற ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. கடன் இன்னும் முடியவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்கள் காயையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு 3 நடை மதுரை மண்டிக்குப் போகும். ஓட்டுவது மகன். கொட்டாம்பட்டி, மேலூர் வழியாகப் போக 70 கிலோமீட்டர், வர 70.

ஒரு நாள் விடியற்காலை நானும் கூடப் போனேன். முள் 85-ல் நின்றது. கொட்டாம்பட்டி தாண்டி, நடுத்திட்டு இடைவெளியில் ஒரு பெரியவர் டிவிஎஸ் 50-ல் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார். மகன் மிதித்த மிதியில் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. பெரியவருக்கும் வண்டிக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். பின்னால் தக்காளிப் பெட்டி சரிந்து 6 பெட்டி நசுங்கியிருந்தது. எனக்குக் கை நடுக்கம் மேலூர் வரைக்கும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து, “இனிமே 60-க்கு மேல போகாதடா” என்றேன். “ஏம்ப்பா, லேட்டா போனா வெலை யாரு குடுப்பா? நீங்க ஒரு நாள் ஓட்டிப் பாருங்க” என்றான். அதற்கப்புறம்தான் அந்த ஒரு வாரம்.

சண்டை போட்டு ஆகாது என்று நோட்டை எடுத்தேன். முறை சுலபம். ஒரே பங்கில் டேங்க் நிறையப் போட்டுக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரும்ப அதே பங்கில் நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுதான் செலவு. முதலில் மகன் இஷ்டத்துக்கு 5 நடை ஓட்டினான். 700 கிலோமீட்டருக்கு 64 லிட்டர். அடுத்த 5 நடை முள் 60-ஐத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தம். முனகிக்கொண்டே ஓட்டினான். அதே 700 கிலோமீட்டருக்கு 53 லிட்டர். லோடு ஏறத்தாழ ஒன்றுதான், டயர் காற்றும் இரண்டு தடவையும் பார்த்துத்தான் வைத்தோம்.

நடைக்கு 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 200 ரூபாய். மாதம் 12 நடைக்கு 2,400 ரூபாய். எங்கள் ஊரில் காய் பறிக்க ஆளுக்கு 300 ரூபாய் கூலி. 8 ஆள் கூலியை மாதாமாதம் காற்றில் விட்டிருக்கிறோம்.

காற்றில் என்று சொன்னது பேச்சுக்காக இல்லை. ஆடிக்காற்றில் எதிர்த்து சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். வண்டிக்கும் அதுதான் நடக்கிறது, காற்றே அடிக்காத நாளிலும். நாம் வேகமாகப் போகப் போக எதிர்க்காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். அது வேகத்தோடு சரிசமமாக ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 60-லிருந்து 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, காற்றின் தடை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிவிடுகிறது. அதைத் தள்ளுவதற்குத்தான் டீசல் எரிகிறது. தார்ப்பாயை லூசாகக் கட்டிப் படபடவென்று அடிக்கவிட்டால் இன்னும் மோசம். அதற்காக 30-ல் மூன்றாவது கியரில் உருட்டினாலும் நஷ்டம்தான். டாப் கியரில் இன்ஜின் திணறாமல் போகிற வேகம் வேண்டும். பெட்ரோலியப் பொருள்கள் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல வருஷமாகச் சொல்லிவருவது 45 முதல் 55 கிலோமீட்டர் வேகம். நான்குவழிச் சாலையில் அது எனக்கே பொறுமையைச் சோதிக்கும். அதனால்தான் 60 என்று வைத்தேன்.

சரி, நேரம்? 70 கிலோமீட்டரை 80-ல் போனால் 52 நிமிடம், 60-ல் போனால் 70 நிமிடம். வித்தியாசம் 18 நிமிடம். மண்டி வாசலில் வண்டி திரும்ப இடமில்லாமல் நிற்கும் நேரமே சில நாள் அதைவிட அதிகம். நோட்டில் இன்னொன்றும் பிடிபட்டது. நாங்கள் தாமதமாவது சாலையில் இல்லை, வீட்டில்தான். சாயங்காலமே பெட்டி கட்டாமல் ராத்திரி 2 மணிக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு கட்டுவோம். அந்த அரை மணியைத்தான் அவன் ரோட்டில் பிடிக்கப் பார்த்தான்.

இது எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் கிழக்குக் காட்டுக்காரர் மல்லிகை போட்டிருக்கிறார். அவர் சொன்னார்: “மாமா, ஒங்க கத்திரிக்கா அரை மணி லேட்டானா கத்திரிக்காதான். எம் பூவு விரிஞ்சுருச்சுன்னா யாரு வாங்குவா?” நியாயம்தானே? விடிந்து பறித்து, மொட்டாகவே சந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு. அவருடைய 18 நிமிடத்துக்கு விலை வேறு. பாலும் மீனும்கூட அப்படித்தான்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருகிறேன். சட்டமாகவே வேகத்தைக் குறைத்தால்? அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது பங்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன. 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் கையெழுத்துப் போட்டு, நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது நம் கணக்கில் 88 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்தார்கள். எண்ணெய் எதிர்பார்த்த அளவுக்கு மிச்சமாகவில்லை. ஆட்கள் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். மொன்டானா மாநிலத்தில் பகலில் அந்த வரம்பைத் தாண்டினால் வெறும் 5 டாலர் அபராதம். கட்டிவிட்டுப் பறந்தார்கள். 1987-ல் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளுக்குத் தளர்த்தி, 1995-ல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒன்று: 1973-ல் அங்கே சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 54,000 பேர். 1974-ல் அது சுமார் 45,000. ஓட்டமே குறைந்ததும் அதற்கு ஒரு காரணம்தான், ஆனாலும் வேகக் குறைப்புக்கு அதில் பங்கு உண்டு. எண்ணெய்க்காகப் போட்ட சட்டம் உயிரைத்தான் அதிகம் மிச்சம் பிடித்தது போலிருக்கிறது. எனக்கு அந்தப் புல்லுக்கட்டுப் பெரியவர் ஞாபகம் வந்தார்.

நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 80 சதவிகிதத்துக்கும் மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. அதனால் அரசு யோசிப்பதில் தப்பில்லை. ஆனால், நான்குவழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு 80-தான் உச்சம் என்று 2018-லேயே மத்திய அரசு அறிவித்தது. என் மகன் 85-ல் போய்க்கொண்டிருந்தான். பலகையில் 80-ஐ அழித்து 60 என்று எழுதினால் அவன் 60-ல் போவானா? மாட்டான். கேமரா வைத்து அபராதம் போட்டால் போவான், கூடவே பூக்காரரும் அந்த அபராதத்தில் மாட்டுவார். அதனால் சட்டத்தைக் குறைப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே இருக்கிற 80-ஐ ஒழுங்காகக் கடைப்பிடிக்க வைத்தாலே போதும். அதற்குக் கீழே இறங்குவது அவரவர் சரக்கையும் நோட்டையும் பார்த்துச் செய்யவேண்டியது. 60-ல் போகிறவர்கள் இடது பக்கமாகவே போங்கள். வலது தடத்தில் ஊர்ந்தால் பின்னால் வருகிறவர் இடது பக்கம் ஏறி முந்துவார், அது இன்னும் ஆபத்து.

மகன் இப்போது சாயங்காலமே பெட்டி கட்டிவிடுகிறான். ராத்திரி 2 மணிக்கு வண்டி கிளம்பிவிடும். நான் கூடப் போவதில்லை. முந்தாநாள் வந்தவனிடம் எத்தனையில் வந்தாய் என்று கேட்டேன். “62” என்றான். முள்ளை யார் பார்த்தது? பங்கில் நிரப்பும்போது 10.6 லிட்டர் பிடித்தது. நோட்டில் எழுதிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தோம்.