மொட்டைமாடியில் ஒரு யாகி

குற்றாலம் போனா அருவி, பார்டர் பரோட்டா, திரும்பவும் பஸ்... நீங்களும் அப்படித்தானே? அடுத்த தடவை சுரண்டைப் பக்கம் கொஞ்சம் ஒதுங்குங்க. சிற்றாறும் அனுமன் நதியும் கலக்கிற இடத்துல வீரகேரளம்புதூர் இருக்கு. உள்ளூர்க்காரங்களுக்கு வீ.கே.புதூர். ஊத்துமலை ஜமீன் அரண்மனை இந்த ஊர்லதான். காவடிச்சிந்து தந்த அண்ணாமலை ரெட்டியாரை ஆதரிச்ச ஜமீன் அது. ஆனா, நாங்க மூணு பேரும் போனது அரண்மனை பார்க்க இல்லை. ட்ரோன் விட!

ரூம்மேட்டோட தாத்தா வீடு அங்கே. பிசான அறுப்பு முடிஞ்சு வயல் காலியா கிடக்கும், விழுந்தாலும் யார் தலையிலயும் விழாதுன்னு அவன் போட்ட கணக்கு. மெஸ் காசை மிச்சம் பிடிச்சு, வீட்டுல கெஞ்சிக் கூத்தாடி செஞ்ச ட்ரோன். உடைஞ்சா இன்னொண்ணுக்கு வழியே இல்லை. அதனால, எங்க உயிரே டெலிமெட்ரியிலதான் இருந்துச்சு.

அதென்ன டெலிமெட்ரி? கையில இருக்கிற ரிமோட் வேற, இது வேற. எவ்வளவு உயரத்துல இருக்கேன், எங்கே இருக்கேன், பேட்டரி எவ்வளவு மிச்சம்னு ட்ரோன் நம்ம லேப்டாப்புக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். அதுக்கு 100 மில்லிவாட் குட்டி ரேடியோ போதும். கடையில 915 மெகாஹெர்ட்ஸ்னு தருவாங்க, ஏமாந்துடாதீங்க. அது அமெரிக்கக் கணக்கு. நம்ம ஊர்ல அந்த இடத்துல செல்போன் உட்கார்ந்திருக்கு. லைசென்ஸ் இல்லாம இங்கே பயன்படுத்த 865-ல இருந்து 868 வரைக்கும் இருக்கு.

முதல் நாள், ரேடியோவோட வந்த 2 டிபிஐ குட்டை ஆன்டெனா. தென்னந்தோப்புக்குப் பின்னால போனதும் சிக்னல் திணற ஆரம்பிச்சது. உடனே நம்ம புத்தி என்ன சொல்லும்? பெருசா மாட்டு! 5 டிபிஐ நீளக் கம்பியை மாட்டினோம். தூரத்துல நல்லாத்தான் பேசிச்சு. ஆனா, திரும்பி வந்து எங்க தலைக்கு நேர் மேல நின்னதும் சிக்னல் மளமளன்னு சரிஞ்சது. லேப்டாப்புல எண்கள் உறைஞ்சு நின்னுடுச்சு. பேட்டரி எவ்வளவுன்னே தெரியாம, கண்ணை மட்டும் நம்பி இறக்கினோம். அந்த ரெண்டு நிமிஷம் மூணு பேரும் மூச்சு விடலை!

காரணம், பரோட்டா. சிரிக்காதீங்க. மாஸ்டர் கையில இருக்கிறது ஒரே உருண்டை மாவு. வீச வீச அகலமாகும். மாவு கூடாது, நடுவுல மெலியும். ஆன்டெனா கெயினும் அதேதான். எந்த ஆன்டெனாவும் சக்தியைப் புதுசா உண்டாக்கறதில்லை. மேலேயும் கீழேயும் போறதைக் குறைச்சு, பக்கவாட்டுல தள்ளுது. நேர் உச்சியில ஏற்கெனவே ஓட்டை. 5 டிபிஐ-யில அந்த ஓட்டை இன்னும் பெருசு. சரி, லாபம் எவ்வளவு? தூரம் இரட்டிப்பாக 6 டெசிபல் வேணும். 2-ல இருந்து 5-க்குப் போனா கூடுறது 3 டெசிபல். திறந்த வெளியில 1.4 மடங்கு, அவ்வளவுதான்.

எங்க மூஞ்சியைப் பார்த்துட்டு தாத்தா, "ஏலே, கம்பு பெருசா இருந்தா போதுமாடே? திருப்பத் தெரியணும்லா!" என்றார். மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே துருப்பிடிச்ச பழைய டி.வி. ஆன்டெனா, வடக்கே பார்த்தபடி. வடக்கே, நேர்கோட்டுல சுமார் 140 கிலோமீட்டர்ல கொடைக்கானல்! 90கள்ல தூர்தர்ஷன் அங்கேயிருந்துதான் வந்துச்சாம். ஒருத்தர் மாடியில கம்பத்தைத் திருப்ப, ஒருத்தர் வாசல்ல நிக்க, டி.வி. முன்னாடி ஆச்சி, "புள்ளி வருது... வருது... நிறுத்துங்க!" இந்த வகை ஆன்டெனாவுக்குப் பேர் யாகி. 1926-ல ஜப்பான்ல உடா, யாகின்னு ரெண்டு பேர் கொடுத்தது. மாவை வட்டமா வீசாம, ஒரே பக்கமா இழுத்துவிடுற வித்தை.

தாத்தாவோட ஆன்டெனா எங்களுக்கு உதவாது. டி.வி. அலை நீளம், அதனால கம்பியும் நீளம். எங்க 866 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம் 17 சென்டிமீட்டர்தான். பையில ஒரு 9 டிபிஐ யாகி இருந்தது. தாத்தாவே பிடிச்சார், டி.வி. ஆன்டெனா மாதிரியே கம்பிகளைப் படுக்க வெச்சு. சிக்னல் படுத்துடுச்சு! ட்ரோன்ல ஆன்டெனா செங்குத்தா நிக்குது, இங்கே கம்பிகள் படுத்திருக்கு. இந்த ஒரு தப்புலயே 20 டெசிபல் வரைக்கும் போயிடும். அப்படியே தொண்ணூறு டிகிரி திருப்பினதும் துள்ளி எழுந்துச்சு பாருங்க!

2-க்குப் பதில் 9 டிபிஐ-ன்னா கணக்குப்படி 2.2 மடங்கு தூரம். தென்னந்தோப்பு அந்தக் கணக்கை மதிக்காதுங்கறது வேற விஷயம். ஒரு கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவழியில, பார்வைக் கோட்டைச் சுத்தி சுமார் 9 மீட்டர் வெற்றிடம் இருந்தாத்தான் அலை நிம்மதியா போகும். அதனால, காசு கொடுத்து ஆன்டெனா வாங்கறதுக்கு முன்னாடி மாடி ஏறுங்க. இது ஓசி!

"அப்ப அஞ்சு கிலோமீட்டர் விடலாமா?"ன்னு கேட்கிறீங்கதானே? கூடாது. 2021 ட்ரோன் விதிகள்படி பச்சை மண்டலத்துலகூட 400 அடிதான் உயரம். கண்ணுக்குத் தெரியற தூரத்தைத் தாண்டவும் கூடாது. அப்புறம் எதுக்கு இவ்வளவு கெயின்? மரம் மறைச்சாலும், ட்ரோன் சாய்ஞ்சாலும் பேட்டரி எண் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும், அதுக்குத்தான்.

கடைசிநாள் பறக்கலை. காத்து அப்படி! கணவாய்க் காத்தை நம்பி இந்தப் பக்கமெல்லாம் காத்தாலை நட்டிருக்காங்கன்னா சும்மாவா? பையைக் கட்டும்போது தாத்தா யாகியைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏ மக்கா, இதுல கொடைக்கானல் எடுக்குமாடே?"