புகையில்லாத மருந்து

லயத்தில ‘மருந்து’ன்னா மூன்று சாமான். டிஸ்பென்சரியில் கொடுப்பது ஒன்று. மலையில் புல்லுக்கு அடிப்பது ஒன்று. மூன்றாவது, இடியன் துவக்கில் போட்டு இடிப்பது. முதல் இரண்டையும் பற்றி எங்கள் பக்கத்தில் நிறையப் பேசியாச்சு. இது மூன்றாவதைப் பற்றி.

அமெரிக்காவில் சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, வீட்டு மேசையிலேயே புது மருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி ரவையாக்குகிறார்கள். அங்கே அது சட்டப்படியான பொழுதுபோக்கு. யூடியூபில் மணிக்கணக்கா ஓடும். கைத்துப்பாக்கிக்கு எந்த மருந்து நல்லதுன்னு அவங்க போடுற சண்டை, தேத்தண்ணிக்கு எந்தத் தூள் நல்லதுன்னு நாங்க போடுற சண்டை மாதிரியே இருக்கும்.

உண்மையில் விஷயமும் கிட்டத்தட்ட அதுதான். டஸ்ட் தூளைச் சுடுதண்ணியில போட்ட உடனே சாயம் இறங்கும். ஓ.பி. மாதிரி நீள இலை நின்று நிதானமாக இறங்கும். செடி ஒன்றுதான், தண்ணி படுகிற பரப்புத்தான் வேறு. மருந்திலும் நெருப்புப் படுகிற பரப்புத்தான் கணக்கு. கைத்துப்பாக்கியின் குழல் நாலைந்து அங்குலம். குண்டு வெளியே பாய்வதற்குள் மருந்து எரிந்து முடிய வேண்டும், ஆகவே மெல்லிய செதில் அல்லது பொடி உருண்டை. ரைபிளின் நீளக் குழலுக்கு மெதுவாக எரிவது வேண்டும், அதற்குக் குட்டிக் குச்சிகள், நடுவில் ஓட்டையோடு. குச்சியின் வெளிப்பக்கம் எரிந்து சிறுக்கும்போது ஓட்டையின் உள்பக்கம் எரிந்து பெருக்கும். அதனால் வாயு ஒரே சீராக வரும். யார் யோசித்தார்களோ, கெட்டிக்கார வேலை!

மாற்றிப் போட்டால் கதை முடிந்தது. கைத்துப்பாக்கி மருந்தை ரைபிள் கோது நிறையக் கொட்டினால் துவக்கே சிதறும். கிராஃபைட் பூச்சினால் எல்லாமே கரி போலப் பளபளக்கும், கண்ணால் பார்த்து எது எதென்று சொல்ல முடியாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கைத்துப்பாக்கி ரவைக்கு மருந்து கொஞ்சம்தான் தேவை, கோதில் பாதிகூட நிறையாமல் இருக்கலாம். கைதவறி இரண்டாம் தரம் ஊற்றினாலும் வெளியே தெரியாது. அதனால் நிதானமான ஆட்கள் பருமனான மருந்தைத் தேர்கிறார்கள். இரண்டு தரம் ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். வேகம், சக்தி என்று அளக்கிற ஆட்களைவிட இவர்களைத்தான் எங்களுக்குப் பிடித்தது.

இலங்கையில் இந்த மேசை கிடையாது. 1916-ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம், 1956-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இரண்டுக்கும் நடுவில் சாதாரண ஆள் மருந்தைத் தேர்வதற்கு இடமே இல்லை. ஆனால் எங்கள் மலைக்கு மருந்தோடு பழைய உறவு உண்டு.

சாமுவேல் பேக்கர் 1848-இல் நுவரெலியாவில் வந்து குடியேறினார். வேட்டைக்குக் கொண்டு திரிந்த துவக்குகளில் ஒன்று மட்டும் 21 இறாத்தல் எடை. அவருக்கு முன்னால் மேஜர் ரோஜர்ஸ். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிற அந்த ஆள், 1845-இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கு, போனால் பார்க்கலாம். இவர்கள் காலத்தில் எல்லாம் கரிமருந்துதான்: வெடியுப்பு, கந்தகம், கரி. எரிந்தபின் பாதிக்கு மேல் வாயுவாகாமல் புகையாகவும் அழுக்காகவும் மிஞ்சும். ஒரு வெடி வைத்தால் முன்னால் யானை நிற்கிறதா ஓடியதா என்றே தெரியாது.

1884-இல் போல் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர் பருத்தியை அமிலத்தில் ஊறவைத்துக் கிடைக்கிற நைட்ரோசெல்லுலோசிலிருந்து புகையில்லாத மருந்தைச் செய்தார். 1889-இல் ஆங்கிலேயர்கள் அதோடு நைட்ரோகிளிசரினும் வாசலினும் சேர்த்து, இடியப்பம் பிழிவது போலக் கயிறு கயிறாகப் பிழிந்தார்கள். கயிறு என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் கோர்டைட் என்று பெயர்.

அந்தக் கோர்டைட்டை இந்தியாவில் செய்ய அவர்கள் கட்டிய ஆலை நீலகிரியில், அருவங்காட்டில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. காட்டேரி அருவியிலிருந்து அதற்கு மின்சாரம் எடுத்தார்கள். இன்றைக்கும் ஓடுகிறது, குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் மலை ரயில் அங்கே நிற்கும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அப்படிப் போன எங்கள் சனத்தில் ஒரு பகுதி இறங்கியது அதே நீலகிரியில்தான். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள். இங்கே கொழுந்து எடுத்த கை அங்கேயும் கொழுந்துதான் எடுத்தது, பக்கத்து மலையில் மருந்து ஆலை.

புகையில்லாத மருந்து இராணுவங்களுக்குப் பெரிய வரம்: சுட்டவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாது. எங்கள் மலையில் சுட்டவர் யார் என்பது மறைந்ததே இல்லை. 1940 ஜனவரி 10, முல்லோயாத் தோட்டம், சம்பளத்தைக் கூட்டிக் கேட்ட வேலைநிறுத்தம், கோவிந்தன். 1977 மே 11, தலவாக்கலை டெவன் தோட்டம், 7,000 ஏக்கர் காணி பறிபோவதற்கு எதிரான போராட்டம், சிவனு லட்சுமணன். இரண்டும் பொலிஸ் சூடு. லயத்துப் பிள்ளைகளுக்குப் பேக்கர் தெரிகிற அளவுக்கு இந்தப் பெயர்கள் தெரியவில்லை என்பது எங்களுக்கு ஆத்திரம்தான்.

இப்போ மருந்து பேச்சு வருவது காட்டுப்பன்னியால. லயத்துக்குப் பின்னால போட்ட கிழங்குப் பாத்தியை ஒரே ராத்திரியில உழுதுட்டுப் போயிரும். லைசன்ஸ் துவக்கு வாங்கக் காசும் காணியும் லயத்தில் யாரிடம் இருக்கு? அதனால் இடியன், வாய்வெடி, கம்பிச் சுருக்கு. இடியனைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் குழல் கரிமருந்துக்குச் செய்தது. ரவையிலிருந்து எடுத்த புகையில்லாத மருந்தை அதில் போட்டால், கொஞ்சமே ஆனாலும், அழுத்தம் பல மடங்கு ஏறிக் குழல் பிளக்கும். பிளப்பது சுடுகிறவரின் முகத்துக்குப் பக்கத்தில். வாய்வெடி கடித்த பன்றி தாடை பிய்ந்து நாள் கணக்கில் அலையும். மாடும் நாயும் கடித்தாலும் அதே கதிதான்.

சுருக்கு சத்தம் போடாது, செலவும் இல்லை, அதனால்தான் அது அதிகம். 2020 மே மாதம் லக்சபானப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அதில் மாட்டியது. உயிரோடு எடுத்து உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் செத்துவிட்டது. நாடே அழுதது, சரிதான். கிழங்கைப் பறிகொடுத்த வீட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் இப்போதைக்குத் தகரம் தட்டுகிறார்கள். முறை வைத்து, ராத்திரிக்கு இரண்டு வீடு. போன போகம் அப்படித் தட்டியதில் பாதிக் கிழங்கு மிஞ்சியது.